வளைவுக்கு மூன்று புகார்

வெள்ளைக்கார அரசு காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளோடு சண்டையிட்ட அவசரகாலத்தில் நான் சாலை அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தேன். எந்தச் சாலை ஆபத்தானது என்பதை நாங்கள் சாலையைப் பார்த்து முடிவு செய்வதில்லை. போலீஸ் புகார்களை எண்ணி முடிவு செய்வோம்.

கெர்லிங் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து, கூலியாட்களை மேற்பார்க்கும் ஒரு மண்டோர் வந்தார். ஒல்லியான மனிதர். தொப்பியைக் கழற்றி, அதற்குள் பார்த்துக்கொண்டேதான் பேசுவார். அவருடைய ஆட்கள் பால்மரம் வெட்டிப் பால் எடுக்கப் போகும் வழியில் ஒரு வளைவு. எதிரே ராணுவ லோரி வந்தால் சைக்கிள்காரர் பள்ளத்தில்தான் விழ வேண்டும்.

"ரெண்டு பேருக்குக் கால் போச்சுங்கய்யா. ஒரு தடுப்பாச்சும் போடுங்க."

"போலீஸ் புகார் இருக்கா?"

"போலீசுக்கு யாருங்க போவா? பயம் லா."

"புகார் இல்லாம ஒண்ணும் நடக்காது," என்றேன்.

மறுவாரம் விழுந்த ஒருவனை அவரே கூட்டிப்போய்ப் புகார் கொடுக்க வைத்தார். சைக்கிளில் என்ன இருந்தது என்று கேட்டார்கள். சோறு என்று அவன் உண்மையைச் சொன்னான். குடியிருப்பைச் சுற்றிப் போட்ட வேலிக்கு வெளியே சோறு கொண்டுபோனால், காட்டில் இருப்பவர்களுக்கு என்று எடுத்துக்கொள்ளும் காலம் அது. உள்ளே வைத்துவிட்டார்கள்.

மண்டோர் புகாரின் நகலோடு வந்தார். "அவன் பொஞ்சாதி என் வாசல்லயே உக்காந்திருக்கா. தடுப்பாவது வந்துரும்னு சொல்லியிருக்கேன். வந்துரும்லங்க?"

ஓர் இடத்துக்கு மூன்று புகார் வேண்டும் என்பது விதி. முதல் நாளே சொல்லியிருக்கலாம். அவர் கேட்கவில்லை. இப்போது சொன்னேன்.

"இன்னும் ரெண்டு பேரா?" என்றார். கோபமே இல்லை. யாரை அனுப்பலாம் என்று மனதுக்குள் பெயர் தேடுகிறவர்போல நின்றார்.

திட்டியிருந்தால் அவரை மறந்திருப்பேன்.