கவிதாவின் கண்ணும் கிளியா செல்களும்

இரண்டு மாதத்துக்கு முன்னால் ராசிபுரத்தில் தங்கை கவிதா வீட்டுக்குப் போயிருந்தேன். சமையல்கட்டில் தக்காளியைப் பிடித்தபடி, ஒரு கண்ணை மூடுவதும் திறப்பதுமாக நின்றாள்.

“ஏனுங்கண்ணா, இது பழமா, காயா?”

“நல்லாப் பழுத்திருக்குதே!”

“இடது கண்ணுல செவப்பாத்தான் தெரியுது. வலது கண்ணுல வெளுத்துப் போய்க் கெடக்குது. கண்ணை அசைச்சா வலிக்குதுங்க.”

கவிதா பிளஸ் டூ உயிரியல் டீச்சர். மூன்று நாளாக இப்படித்தானாம். யாரிடமும் சொல்லவில்லை. ஏன்? ரிவிஷன் டெஸ்ட் பேப்பர் திருத்தணுமாம்!

மறுநாள் கண்ணாடிக் கடைக்குப் போனால், வலது கண்ணுக்குப் போர்டின் பெரிய எழுத்தே தெரியவில்லை. கடைக்காரர் நல்லவர். “இது கண்ணாடியில தீராதுங்க. இப்பவே சேலம் போங்க” என்றார்.

சேலத்தில் நரம்பியல் டாக்டரம்மா ஸ்கேனைப் பார்த்துவிட்டுச் சொன்னார். “கண்ணுலயிருந்து மூளைக்குப் போற நரம்புல வீக்கம். நரம்பு செல்லைப் பத்தித்தான் எல்லாரும் பேசுறோம். அதுக்கு உறை போட்டு, தீனி கொடுத்து, குப்பையை அள்ளிப் பாத்துக்கறது கிளியா செல்கள். அது போட்ட உறையை உடம்பே தப்பாத் தாக்கிடுச்சு.”

கவிதாவின் வீட்டுக்காரர் செந்தில் ரிக் வண்டி வைத்திருக்கிறார். ஆயிரம் அடி போர் போட்டுத் தண்ணீர் வராவிட்டாலும் கலங்காத ஆள். அன்று கலங்கிவிட்டார்.

“கிளியாங்க மேடம்...?”

“பச்சைக்கிளி இல்லீங்க சார்!”

சொல்லிவிட்டு டாக்டரே சிரித்துவிட்டார். கவிதாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.

“பார்வை திரும்புமுங்களா?”

“பெரும்பாலும் திரும்பும். மூளையில வேற பாதிப்பு எதுவும் இல்லை. ஆனா பொறுமை வேணும். செக்கப்புக்குத் தவறாம வரணும்.”

மூன்று நாள் ஸ்டீராய்டு டிரிப்ஸ் ஏற்றினார்கள். அப்புறம் காத்திருப்பு... அதுதான் கொடுமை. தினமும் காலையில் மாப்பிள்ளை அவளுடைய இடது கண்ணைப் பொத்தி, எதிரில் நின்று, “தெரியுதா?” என்பார். “நிழலாட்டந் தெரியுது” என்பாள். அவர் முகம் சுருங்கிப் போகும்.

நாலாவது வாரம் ஒருநாள்.

“தெரியுதா?”

“மூணாவது பட்டன் எங்கீங்க? இந்தச் சட்டையோடவா வெளியில போறீங்க?”

திட்டு வாங்கி இத்தனை சந்தோஷப்பட்ட கணவரை நான் பார்த்ததில்லை. உடனே எனக்குப் போன். “மச்சான், பட்டன் தெரியுதுங்க!”

யோசித்துப் பார்த்தேன். உடம்பு ஒழுங்காக இருக்கிறவரை, உள்ளே யார் யார் உழைக்கிறார்கள் என்று நாம் கேட்கிறோமா? ஒரு நாள் லீவு போட்டால்தானே பெயரே தெரிகிறது!

போன திங்கட்கிழமை கவிதா பள்ளிக்குத் திரும்பினாள். இத்தனை வருடம் இரண்டே வரியில் தாண்டிவிடுகிற கிளியா செல்லை, ஒரு பீரியட் முழுக்க நடத்தினாளாம். கடைசியில் ஒரு மாணவி எழுந்து கேட்டிருக்கிறாள்.

“மிஸ், இது எக்ஸாமுக்கு வருமா?”

“எக்ஸாமுக்கு வருதோ இல்லையோ சாமி... எனக்கு வந்துச்சு!”