நீலத்துக்கு விழுந்த ஓட்டு

ஆம்புலன்ஸ் வாங்குவதற்கு எங்கள் ஊர்ப் பெரிய மனிதர்களுக்கு ஒரே ஒரு கூட்டம் போதுமாக இருந்தது. அதன் தலையில் எந்த விளக்கை வைப்பது என்று முடிவு செய்யத்தான் மாசக்கணக்கில் இழுத்தார்கள். அதுவரை வண்டி ஓர் அச்சாபீஸ் கொட்டகையில், காலண்டர் கட்டுகளுக்கு நடுவே, பூஜைக்குப் போட்ட மாலை கருகித் தொங்க நின்றுகொண்டிருந்தது. நான்தான் அதற்கு டிரைவர். தினமும் காலையில் போய்த் துடைத்துவிட்டு வருவேன். ஓடாத வண்டிக்குச் சம்பளம் வாங்குவது சுகம்தானே என்று நண்பர்கள் கேலி செய்தார்கள். எனக்கோ அந்த வண்டி சீக்கிரம் ரோட்டுக்கு வர வேண்டியிருந்தது.

காரணம் என் மனைவி. நாரணாபுரத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அவள் சரம் பின்னிக்கொண்டிருந்தாள். போன் போட்டால் அரசாங்க வண்டி வாசலில் வந்து நிற்கும் காலம் அப்போது இன்னும் வரவில்லை. கம்பெனியில் ஏதாவது ஆகிவிட்டால் கையில் கிடைத்த லோடு வேனில் ஆளைக் கிடத்திக்கொண்டு ஓடுவார்கள். நானே முன்பு லோடு வேன் டிரைவராக இருந்தபோது அப்படி ஓட்டியிருக்கிறேன். இந்த ஆம்புலன்ஸ் என்றைக்காவது என் வீட்டுக்காரியையே ஏற்ற வேண்டி வரலாம், வந்தால் வழியில் நிற்காமல் போய்ச் சேர வேண்டும். எனக்கு இருந்த கவலை அது ஒன்றுதான். வண்டி வாங்கிக் கொடுத்த அறக்கட்டளையின் தலைவர் பரம்பரைப் பட்டாசு முதலாளி, அவருக்கு வேறு கவலைகள் இருந்தன.

முதலில் சைரனுக்குத் தடை போட்டார்கள். அதில் நியாயம் இருந்தது. வேறு ஊர்களில் சைரன் கேட்டால் ஒதுங்குவார்கள். எங்கள் பக்கம் ஓடி வருவார்கள். எந்தக் கம்பெனி, யாருக்கு என்ன ஆச்சு என்று அடுப்பை அணைக்காமல்கூட வந்து ரோட்டை அடைத்து நிற்பார்கள். அதனால் ஊருக்குள் சைரன் கூடாது, விளக்கு மட்டும்தான் என்று தீர்மானம் ஆயிற்று. நானும் தலையாட்டினேன். ஆனால் அதற்குப் பிறகு வழி கேட்கிற வேலை முழுவதும் அந்த விளக்கு ஒன்றின் பொறுப்பாகிவிட்டது.

மதுரையிலிருந்து ஒரு வியாபாரி மூன்று விளக்குகளைக் கொண்டுவந்தார். ஒன்று, மோட்டாரில் கண்ணாடி சுற்றுகிற பழைய சுழல் விளக்கு. இரண்டாவது, புதிதாக வந்திருந்த எல்.ஈ.டி.யில் பெயர்பெற்ற கம்பெனியின் சரக்கு. சிவப்பு மட்டும்தான், பளிச் பளிச்சென்று அடிக்கும், பார்த்தால் கண் கூசும். மூன்றாவதும் எல்.ஈ.டி.தான், ஆனால் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் வியாபாரியே முகட்டைப் பார்ப்பார். நீளமான பெட்டிக்குள் குட்டிக் குட்டி பல்புகள். சிவப்பும் நீலமும் துரத்தும், சந்திக்கும், பிரியும், விதவிதமாக ஆட்டம் போடும்.

மூன்றையும் ஒப்பிட்டுப் பார்க்க அவர்கள் கூடிய இடம், வடக்கத்திய வியாபாரிகளுக்குப் புது அயிட்டங்களை வெடித்துக் காட்டும் கம்பெனி மைதானம். நேரம், அந்த அயிட்டங்களைக் காட்டும் அதே நேரம், அதாவது பொழுது சாய்ந்த பிறகு. தள்ளி நாற்காலி போட்டு, சுண்டலும் காபியும் கொடுத்தார்கள். வானத்தில் போய் வெடிக்கும் ஷாட் பெட்டிகளை வைக்கும் இடத்தில் என் ஆம்புலன்ஸை நிறுத்தச் சொன்னார்கள். நான் முதல் விளக்கைப் போட்டதும் அத்தனை பேரும் பழக்க தோஷத்தில் வானத்தை அண்ணாந்து பார்த்தார்கள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் தலைகள் இறங்கின.

பழைய சுழல் விளக்கை "சங்குசக்கரம்" என்று ஒரே வார்த்தையில் கழித்துக் கட்டினார் தலைவர். சிவப்பு எல்.ஈ.டி.க்கு, "கலரு ஒண்ணுதானா? அடுத்து ஒண்ணும் வராதா?" என்று கேட்டார். மூன்றாவதைப் போட்டேன். நாற்காலிகள் முன்னால் நகர்ந்தன. பட்டாசில் நீலம் கொண்டுவருவது லேசுப்பட்ட காரியமல்ல. சிவப்பும் பச்சையும் சொன்னபடி கேட்கும், நீலம் மட்டும் கொஞ்சம் சூடு கூடினாலும் வெளுத்துப் போகும். அந்த நீலத்தோடு மல்லுக்கட்டியே அவருக்கு நரை விழுந்திருந்தது. இங்கே அது ஒரு சுவிட்சில் கொட்டிக்கொண்டிருந்தது. தலைவர் காபியைக் கீழே வைத்துவிட்டார்.

"என்னா நீலம்யா" என்றார். பிறகு பக்கத்து நாற்காலியில் இருந்த மருமகனைப் பார்த்து, "மாப்ள, இது எம்புட்டு நேரம் ஓடும்?"

மருமகன் வியாபாரியைப் பார்த்தார். "ஆஃப் பண்ணுற வரைக்கும் ஓடும் அண்ணாச்சி" என்றார் வியாபாரி.

"முடியவே முடியாதா? அப்ப திரும்ப வாங்க மாட்டானே. நம்ம யாவாரத்துக்கு ஆகாத சரக்கா இருக்கே" என்று வருத்தப்பட்டார் தலைவர். ஆனாலும் கண்ணை எடுக்கவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. வண்டியை விட்டு இறங்கிப் போய்ச் சொன்னேன். "மொதலாளி, கம்பெனி ஓடுறது பகல்லதான. பொழுது சாஞ்சா வெடிமருந்து ரூம்பப் பூட்டிருதாக. இந்த வண்டிக்கு வேல வர்றதே வெயில்லதான். நாளைக்கு மத்தியானம் ஒருக்கா ரோட்டுல விட்டுப் பாத்துருவோமே."

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "பகல்ல போயி எவனாவது லைட்டு பாப்பானாப்பா? நாங்க மூணு தலைமொறையா வெளிச்சம் விக்கிறோம். பகல்ல பாத்தா எது நல்லாருக்கும்?"

கைதூக்கினார்கள். நீலத்துக்கு எல்லா ஓட்டும் விழுந்தது. விலையும் அதற்குத்தான் குறைவு என்பதை யாரும் சத்தமாகச் சொல்லவில்லை, அறக்கட்டளை அல்லவா.

வண்டி ஓட ஆரம்பித்து, பிரசவத்துக்கும் பாம்புக்கடிக்கும் சில தடவை போய்வந்தேன். அதிர்ஷ்டவசமாக ரோடு காலியாக இருந்தது. பிறகு தீபாவளி சீசன் உச்சத்தில், ஒரு மத்தியானம், போர்மேன் ஒருவர் போன் செய்தார். கம்பெனி பெயரைச் சொன்னார். என் மனைவியின் கம்பெனி. யாருக்கு என்று கேட்பதற்குள் போன் கட்டாகிவிட்டது. எப்படி ஓட்டினேன் என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்லத் தெரியாது.

கேட்டில் அவள் முழுசாக நின்றாள். அடிபட்டது அடுத்த அறையில் வேலை பார்த்த பெண், கல்யாணமாகி வருஷம்கூட ஆகவில்லை. கையும் மார்பும் வெந்திருந்தன. போர்மேன் அந்தப் பெண்ணோடு பின்னால் ஏறினார். என் மனைவி கேட்காமலே முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

சிவகாசி ரோடு முழுக்க சீசன் லோடு. என் தலைக்கு மேலே நீலமும் சிவப்பும் துரத்தி, சந்தித்து, பிரிந்து, தங்களால் ஆனதையெல்லாம் செய்துகொண்டிருந்தன. முன்னால் போன லாரிக்காரனுக்கு அவன் கண்ணாடியில் நான் இன்னொரு வெள்ளை வேன், அவ்வளவுதான். உச்சி வெயிலில் அந்த நீலத்தைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் வண்டிமேல் ஏறிக் கையால் மறைத்துத்தான் பார்க்க வேண்டும். ஹாரன் அடித்தேன். அந்த ரோட்டில் எல்லோரும்தான் அடித்துக்கொண்டிருந்தார்கள். தீர்மானமாவது மண்ணாவது என்று சைரனுக்குக் கையைக் கொண்டு போனேன்.

"போடாதீக! எல்லாரும் ரோட்டுக்கு வந்துருவாக, அப்புறம் நகரவே முடியாது" என்று என் மனைவி கையைத் தட்டிவிட்டாள். பிறகு ஜன்னல் வழியே இடுப்பு வரைக்கும் வெளியே எட்டி, கதவை அடித்துக்கொண்டு கத்த ஆரம்பித்தாள்.

"ஏலே, லாரிக்காரா! ஒதுங்குலே! புள்ள உசுரு போகுதுலே! அங்கன ஓரங்கட்டுலே!"

ஒதுங்கினார்கள். அடுத்த லாரிக்கும் கத்தினாள். டிராக்டருக்கும், மினி பஸ்ஸுக்கும் கத்தினாள். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் அப்படியே கத்திக்கொண்டு வந்தாள்.

பெண் பிழைத்துக்கொள்வாள் என்றார்கள். வலது கை என்னவாகும் என்று கேட்டதற்கு டாக்டர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிட்டார். நாங்கள் வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். பொழுது சாய்ந்தபோதுதான் பார்த்தேன், வண்டியின் விளக்கை நான் அணைக்கவே இல்லை. எரிவது தெரிந்திருந்தால்தானே அணைத்திருப்பேன். இருட்ட இருட்ட அது பூத்துக்கொண்டு வந்தது. நோயாளிகளுடன் வந்திருந்த குழந்தைகள் வண்டியைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தன. அந்த வெளிச்சம், அடிபட்ட பெண்ணின் தாயார் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்க, அவர் முகத்தில் சிவப்பாகவும் நீலமாகவும் மாறி மாறி விழுந்தது.

அறக்கட்டளைத் தலைவர் ரொட்டியும் ஆப்பிளும் எடுத்துக்கொண்டு மருமகனோடு வந்து இறங்கினார். உள்ளே போகிற வழியில் கால் தானாக நின்றது.

"மாப்ள, பாத்தீகளா? கிரவுண்டுல பாத்தத விட இங்கன இன்னும் எடுப்பா இருக்கு. அடுத்த வண்டிக்குப் பச்சையும் சேத்துருவோம்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு எழுந்து ஏதாவது சொல்லியிருப்பேன். என் மனைவி சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள். கத்திக் கத்தி அவளுக்குக் குரலே போயிருந்தது. காதருகே குனிந்து, காற்றாக வந்த குரலில் கேட்டாள்.

"இன்னைக்கு நான் முன்னால உக்காந்து கத்துனேன். நாளைக்கு நான் பின்னால கெடந்தா, முன்னால உக்காந்து யாருங்க கத்துவா?"

மறுநாள் காலையில் அந்தத் தொண்டையோடே கம்பெனி வேனில் ஏறி வேலைக்குப் போனாள்.