பிளேன் வந்த நேரத்தில் விழுந்த விக்கெட்

ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற நாங்கள் நான்கு பெண்கள், இந்த வாரம்தான் பின்னேரங்களில் பந்து போடத் தொடங்கியிருக்கிறோம். வீட்டில் இருந்தால் காது வானத்திலேயே கிடக்கிறது.

இரணைமடுப் பக்கம், அறுவடை முடிந்த வயல். ஒருவரும் இருக்க முடியாதபடி கால் உடைந்த கதிரைதான் விக்கெட்.

நான் போட்ட ஒரு பந்தும் இதுவரை அதில் பட்டதில்லை.

"கதிரையைக் கிட்டக் கொண்டுவந்து வைக்கட்டோ, ராணி?" என்று மட்டை பிடித்திருந்த தவமலர் இன்று கேட்டாள்.

ஆத்திரத்தில் ஓடிவந்து வீசினேன். பந்து கையை விட்டதும் விமானச் சத்தம். தவமலர் மட்டையைப் போட்டுவிட்டு, பதுங்குவதற்கு வரம்போரம் வெட்டியிருந்த பங்கருக்கு ஓடினாள். பந்து நேரே போய்க் கதிரையைச் சாய்த்தது. அதைப் பார்த்த பிறகுதான் நானும் ஓடினேன்.

தூரத்தில் குண்டு விழுந்தது. பங்கருக்குள் எங்கள் தலையில் மண் கொட்டியது. மண்ணைத் தட்டிவிட்டுத் தவமலர் பக்கம் திரும்பினேன்.

"நீ அவுட்," என்றேன்.

"விசரே உனக்கு? பிளேனுக்குப் பயந்தெல்லோ ஓடினனான். அது கணக்கில்லை."

"நான் பந்து போட்ட பிறகுதானே ஓடினனீ!"

வெளியே வந்தும் சண்டை முடியவில்லை. நாளைக்கும் அவளே மட்டை பிடிப்பாளாம்.

விளையாட்டுச் சட்டம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், அவுட்தானே? இல்லை என்பவர்கள் நாளை பின்னேரம் வந்து என் பந்துக்கு முன்னால் நிற்கலாம்.