காதுகுத்துக்குப் பறந்து வந்த மாமா

பம்பாய்க்கும் மெட்ராஸுக்கும் ஆகாய வழியில் அறுநூறு மைலுக்கு மேல். பறந்தால் ஐந்து மணி நேரம். எங்கள் தென்காசித் தெருவில் வேறெந்தப் பிள்ளைக்கும் இந்தக் கணக்கு தெரியாத காலத்தில் எனக்குத் தெரியும். தெரியாமல் என்ன? பறந்து வந்தது என் தாய்மாமா, அதுவும் என் காதுகுத்துக்கு!

யுத்தம் முடிந்த மறுவருஷம். எனக்கு ஏழு வயது. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தானே காது குத்த வேண்டும்? அம்மாவுக்குப் பிறந்த வீடு என்று மிச்சமிருந்தது பம்பாயில் வேலை பார்த்த அந்த ஒரு தம்பிதான். அவருக்கு லீவு கிடைக்காமல் என் காது இரண்டு முறை தப்பித்திருந்தது. "பொறந்த வீட்டு ஆளு எட்டிப் பாக்காத வீடு" என்று அத்தை குத்திக் காட்டாத விசேஷம் கிடையாது. இந்தத் தடவையும் அவர் வராவிட்டால் அப்பாவின் அண்ணன் பெண்சாதியான பெரியம்மாவின் தம்பி மடியில் வைத்துக் குத்திவிடுவது என்று அத்தை முடிவே கட்டிவிட்டாள்.

முகூர்த்தத்துக்கு முந்தின நாள் காலையில் தந்தி வந்தது. மாமா பிளேனில் கிளம்புகிறார்! "மெட்ராஸுக்கு அஞ்சு மணி நேரம். அங்கனயிருந்து ரயிலு" என்று அப்பா விளக்கினார். அம்மா முதல் பாதியோடு தெருவுக்குப் போய்விட்டாள்.

"எந்தம்பி அஞ்சு மணி நேரத்துல வாரான்!"

அப்பா திருத்தப் பார்த்தார். அவள் காதில் ஏறினால்தானே?

மத்தியானம், காதுகுத்து நடக்கவிருந்த குற்றாலத்துக் கோயிலுக்குப் பக்கத்தில் எல்லோரும் போய் இறங்கினோம். நல்ல சாரல். சொந்தக்காரர்கள் அருவிக்குக்கூடப் போகாமல், நனைந்துகொண்டே மலைக்கு மேலே அண்ணாந்து பார்த்தபடி நின்றார்கள். மேகம்தான் வந்தது. இருட்டியும் விட்டது.

"என்ன மதினி, ஒந்தம்பி மேகத்துல மாட்டிக்கிட்டானோ?" என்றாள் அத்தை.

"அவன் வருவான். அவன் மடியில்லாம எம்புள்ள காதுல ஊசி படாது" என்றாள் அம்மா. அன்று அவள் சாப்பிடவில்லை.

மறுநாள் முகூர்த்தம் முடியப்போகும் நேரம். ஆசாரி ஊசியை எடுத்துவிட்டார். பெரியம்மாவின் தம்பி வேட்டியை இழுத்துவிட்டுச் சம்மணம் போட்டார். அப்போதுதான் தென்காசி ஸ்டேஷனிலிருந்து குதிரை வண்டி வந்து நின்றது. கசங்கிய கோட்டும், பிளேன் இரைச்சலுக்காக வைத்துக்கொண்டு எடுக்க மறந்த காதுப் பஞ்சுமாக மாமா குதித்து இறங்கினார். அடேயப்பா, அன்று எனக்கு இருந்த கர்வம்!

"பம்பாய்ல இருந்து மெட்ராஸு அஞ்சு மணி நேரம்க்கா. மெட்ராஸ்ல இருந்து இங்கன வர ராத்திரி பூரா ஆயிட்டு!"

"அந்தப் பிளேனை அப்படியே இங்கன ஓட்டச் சொல்லக்கூடாதாக்கும்?" என்றாள் அத்தை. குரலில் பழைய காரம் இல்லை.

மாமாவின் மடியில் உட்கார்ந்தேன். ஊசி இறங்கியதும் ஊரே கேட்க அலறினேன். நிமிர்ந்து பார்த்தால், அத்தனை பேர் நடுவிலே அம்மாவும் தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தாள். ஊசி ஏறியது என் காதில். இவளுக்கு எங்கே வலிக்கிறது என்று விளங்காமல் நான் என் அழுகையை நிறுத்திவிட்டேன்.