நாற்பத்திரண்டாவது நிமிஷம்

இன்னைக்கு மொரப்பூரிலிருந்து அரூர் வரும் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் போனில் சத்தமாகக் கூத்து ஓடிக்கொண்டிருந்தது. கேட்டதுமே தெரிந்துவிட்டது, நான் அஞ்சாவது படிக்கும்போது எங்கள் ஊர்த் திருவிழாவில் நடந்த கூத்து.

"இது உங்களுக்கு எப்படிங்க கெடச்சுது?"

"நான்தாங்க யூடியூப்ல ஏத்துனேன். பழைய கேசட்டெல்லாம் தேடிப் புடிச்சு ஏத்திட்டு வர்றேன்."

"நடுவுல மைக்ல ஒருத்தர் பேசுவாரே?"

"அதையேன் கேக்கறீங்க. பஸ் கெளம்புது, புள்ளையக் காணோம்னு பேசிட்டே இருந்தாருங்க. மூணு நாள் ஒக்காந்து வெட்டி எடுத்தேன். இப்பக் கேளுங்க, சுத்தமா இருக்கும்."

எங்கள் ஊரில் மைக் செட் வைத்திருந்தவர் என் அப்பா. அவர் போய் ஒன்பது வருஷம். வீட்டில் போட்டோ நிறைய இருக்கிறது. குரல்தான் எதிலும் இல்லை.

சொன்னேன். பக்கத்து சீட்டுக்காரருக்கு முகம் சுருங்கிவிட்டது. கேசட் நாடா ஏற்றும்போதே அறுந்துபோனதாம். வெட்டிய துண்டுகளையும் அழித்துவிட்டாராம்.

கொஞ்ச நேரம் கழித்து அவரே, "ஒரு எடத்துல மட்டும் பாட்டோட சேந்து வந்துருச்சுங்க, வெட்ட முடியல" என்று தேடி எடுத்து வைத்தார்.

"டிராக்டர ஓரமா எடுங்கப்பா."

அரூர் வரும்வரை அதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு வந்தேன்.

அந்த வீடியோவுக்குக் கீழே யாரோ எழுதியிருக்கிறார்: "42வது நிமிஷத்துல யாருங்க அது, பாட்டைக் கெடுக்கறது?"

பதில் போட்டுவிட்டேன்: "எங்கப்பாங்க. டிராக்டர எடுக்கற வரைக்கும் சொல்லிட்டேதான் இருப்பாரு."