ரொட்டி வண்டியில் மீன்

புதுச்சேரியில் கையில் நாலு காசு சேர்ந்தவனுக்கு அந்த வருஷங்களில் ஊரே சொன்ன யோசனை ஒன்றுதான்: பிராந்திக்கடை வை. பிரெஞ்சுக்காரன் போய்விட்டான், சுங்கச் சாவடிகளையும் எடுத்தாகிவிட்டது. ஆனால் எல்லைக்கு அந்தப் பக்கம் மதுவிலக்கு, இந்தப் பக்கம் இல்லை. விழுப்புரத்திலிருந்தும் கடலூரிலிருந்தும் ஆட்கள் பஸ் பிடித்து வந்து குடித்துவிட்டுப் போனார்கள்.

நான் முத்தியால்பேட்டையில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தேன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஒரு சைக்கிள் வெளியே போனால் அது திரும்பி வரும்வரை எனக்குச் சோறு இறங்காது. தெருமுனைக்கும் கடைக்கும் நடந்துகொண்டே இருப்பேன். இப்படிப்பட்டவனைத்தான் என் மனைவியின் தம்பி பிராந்திக்கடை வைக்கச் சொன்னான்.

"மாமா, சும்மா உக்காந்துக்கினு இருந்தா போதும். கல்லாவுல தானா விழும்."

"குடிச்சிட்டு சண்ட போட்டா?"

"போடட்டுமே. போட்டுட்டு காயத்துக்கு ஊத்திக்க மறுபடியும் நம்ம கடைக்குத்தான வரணும்?"

நான் மாட்டேன் என்றேன். ஒழுக்கமான மனுஷன் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். ஒழுக்கமெல்லாம் இல்லை, பயம். உடையும் பாட்டில் சத்தம் கனவில்கூட வேண்டாம் என்று நினைப்பவன் நான்.

பக்கத்துத் தெருவில் கயிறும் வலை நூலும் விற்கும் பாய் ஒருவர் இருந்தார். வைத்திக்குப்பத்து மீனவர்கள்தான் அவருடைய வாடிக்கை. ஒருநாள் காற்றடிக்கும் பம்ப்பை எடுக்க வந்தவர், எடுக்காமல் நின்று பேசினார்.

"தம்பி, குப்பத்துப் பொம்பளைங்க கூடைய தலையில வச்சிக்கினு எவ்ளோ தூரம் நடக்குறாங்கன்னு பாத்தியா? பஸ்ல ஏத்த மாட்டேங்குறான், கவிச்சியாம். ஊர் ஊரா நடந்து போய்ச் சேர்றதுக்குள்ள மீனு கொழகொழன்னு ஆயிடுது. கேட்ட வெலைக்குக் குடுத்துட்டு வர்றாங்க. உன் பணமும் என் பணமும் சேந்தா ஒரு வண்டி வரும்."

"தர்மமா பாய்?"

"தர்மத்துக்குப் பள்ளிவாசல் இருக்குது. இது யாவாரம். அவங்க நல்ல வெலைக்கு வித்தா வீட்டுக்காரன் புது வலை போடுவான். நூலு யாருகிட்ட வாங்குவான்?"

இந்தக் கணக்கு எனக்குப் பிடித்திருந்தது. யாரும் யாருக்கும் நல்லது செய்ய வேண்டியதில்லை, ஆனால் நல்லது நடந்துவிடும். ஆனாலும் ஒரு மாசம் யோசித்தேன். யோசித்தேன் என்பது மரியாதையான சொல். நகரத்தில் ரொட்டி சுட்டு விற்கும் ஒரு ரொட்டிக்கிடங்குக்காரர் குடும்பத்தோடு பிரான்சுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். ரொட்டி கொண்டுபோகும் அவருடைய மூடிய மோட்டார் வண்டி விலைக்கு இருந்தது. தினம் காலையில் போய் அதைப் பார்ப்பேன், பிரேக்கை மிதித்துப் பார்ப்பேன், திரும்பி வந்துவிடுவேன்.

"அந்த வண்டிய பாக்கப் போன நேரத்துக்கு நடந்தே திண்டிவனம் போயிட்டு வந்துருக்கலாம்" என்றாள் மனைவி.

கடைசியில் சைக்கிள்களையெல்லாம் விற்றேன், பாயும் தன் பங்கைப் போட்டார். என் பிழைப்பு மொத்தமும் அந்த வண்டிக்குள் போயிற்று. ஓட்டவும் நானே கற்றுக்கொண்டேன், இன்னொருவனை நம்பி விட எனக்கு மனசு வராது.

வைத்திக்குப்பத்து மணலில் முதல்நாள் கொண்டுபோய் நிறுத்தியபோது யாரும் கிட்டே வரவில்லை. கடைசியில் ஒருத்தி வந்தாள். அகலமான தோள், கரகரத்த குரல். குப்பத்தில் எல்லாருக்கும் அவள் பெரியக்கா.

"இன்னா தம்பி, ரொட்டி விக்க வந்தியா?"

"இல்லக்கா. உங்கள கூடையோட ஏத்திக்கினு போக. பஸ் சார்ஜுல பாதி குடுத்தா போதும்."

"நாங்க ஏறுனா ரொட்டி வாசன போயிடுமே?"

"போவட்டும்."

"போனா வராது. யோசிச்சிக்கோ."

"யோசிச்சிட்டேங்க்கா. அது ஒண்ணுதான் நல்லா வரும் எனக்கு."

அவள் சிரித்துவிட்டாள். கூடையை உள்ளே தள்ளி, தரையில் சாக்கை விரித்து உட்கார்ந்தாள். மற்றவர்களும் ஏறினார்கள்.

திண்டிவனம் ரோட்டில் ஊருக்கு ஒருத்தியாக இறக்கிவிட்டுப் போய், வரும்போது ஏற்றிக்கொண்டு வருவேன். மீன் கண் மங்காமல் போய்ச் சேர்ந்தது. பொழுது சாய வீடு திரும்பிக்கொண்டிருந்தவர்கள் மதியச் சோற்றுக்கே வந்துவிட்டார்கள். அதில் நடந்த இன்னொன்றை நானோ பாயோ எதிர்பார்க்கவில்லை. அம்மா வரும்வரை கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற மூத்த பெண் பிள்ளைகளில் சிலர் மதிய வகுப்புக்காவது பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தார்கள். மதியத்தில் அவர்கள் சிலேட்டோடு வண்டியைத் தாண்டிப் போவதைப் பார்க்கும்போது சந்தோஷம் வர வேண்டும். எனக்கு, நாளைக்கு வண்டி நின்றுவிட்டால் இதுகள் மறுபடி வீட்டுக்குத் திரும்புமே என்றுதான் வந்தது.

வண்டி நிற்கவும் செய்தது.

எல்லை தாண்டியதும் மதுவிலக்குப் போலீஸின் சாவடி ஒன்று உண்டு. தினம் எட்டிப் பார்ப்பார்கள், மூக்கைப் பிடித்துக்கொண்டு போகச் சொல்வார்கள். அன்றைக்குப் புதிதாக ஒரு ஏட்டு. குச்சியை எடுத்து ஒவ்வொரு கூடையாகக் கிளறினார். ஒரு கூடையில் டக்கென்று சத்தம் வந்தது. வாழை இலையில் சுற்றிய சின்ன பிராந்தி பாட்டில்.

கூடைக்காரி கொஞ்சமும் பதறவில்லை. "பச்ச ஒடம்புக்காரிக்கு சார். என் பொண்ணு இந்தப் பக்கம் வாக்கப்பட்டிருக்கா, புள்ள பெத்து அஞ்சு நாளு ஆவுது. ராவுக்கு ஒரு மூடி குடுத்தா குளிர் ஏறாது. மருந்து சார்."

"உங்க ஊருல மருந்து. இங்க கேசு."

"மொதப் புள்ளைக்கும் நாந்தான் கொண்டாந்தேன். யாரும் ஒண்ணும் கேக்கலியே?"

அவள் சொன்னது உண்மைதான். முதல் பேரனுக்கு வரப்பு வழியாக நடந்து கொண்டுபோயிருக்கிறாள். வரப்பில் சாவடி ஏது? புதுச்சேரியில் பிறந்து வளர்ந்தவளுக்கு, மளிகைக்கடைக்குப் பக்கத்துக் கடையில் விற்கும் ஒரு சாமான் ஒரு பனைமர வரிசையைத் தாண்டினால் குற்றமாகிவிடும் என்று யார் சொல்லிக்கொடுத்தது? அவளை ரோட்டுக்குக் கொண்டுவந்தது என் வண்டிதான்.

அவளையும் வண்டியையும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். நானே ஓட்டிக்கொண்டு போனேன். சாராயம் ஏற்றிய வண்டியைக் கோர்ட்டில் பறிமுதல் செய்து ஏலம் விடுவார்கள் என்று எனக்குத் தெரியும். வண்டி வாங்குமுன் இதையும் விசாரித்துவைத்திருந்தேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. தகரக் கூரைக்குள் மீன் வேக ஆரம்பித்த வாசனை.

பெரியக்கா என் முகத்தைப் பார்த்தாள். "நீ உக்காரு தம்பி, விழுந்துடப் போற." பிறகு மற்றவர்களிடம், "இறக்குங்கடி கூடைய" என்றாள். ஸ்டேஷன் எதிரே புளியமரத்து நிழலில் கடை போட்டார்கள். போலீஸ் குடியிருப்பிலிருந்து பெண்கள் பாத்திரத்தோடு வந்துவிட்டார்கள். எந்த ஏட்டு குச்சியால் கிளறினாரோ, அவருடைய வீட்டுக்காரியே வஞ்சிரத்துக்குப் பேரம் பேசினாள்.

"உங்க வீட்டுக்காரரு ஏற்கெனவே கிண்டிப் பாத்துட்டாரும்மா, நல்ல மீனு" என்றாள் பெரியக்கா.

உள்ளே இன்ஸ்பெக்டர் கூப்பிட்டார். பெரியக்காவும் கூட வந்தாள், இன்னும் நாலு பேர் பின்னால்.

"வண்டி யாருது?"

நான் வாய் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"எங்களுது சார். எல்லாருதும்."

"பேப்பர்ல ஒரு ஆம்பள பேரு இருக்குதே?"

"அவரு ஓட்றவரு. நாங்க ஏறலன்னா அந்த வண்டி இன்னாத்துக்கு ஆவும்? மறுபடி ரொட்டிகூட ஏத்த முடியாது, நாறிப்போச்சு. புடிக்கிறதுன்னா எங்க எல்லாரையும் புடிச்சி உள்ள வைங்க. கூடைய எங்க வைக்கிறதுன்னு மட்டும் சொல்லிடுங்க."

இன்ஸ்பெக்டர் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்காமலே எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். ஒரு பாட்டில், அதுவும் கால் பாட்டில். வெகுநேரம் எழுதினார். பாட்டில்காரி மேல் மட்டும் கேஸ். என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு வண்டியை விட்டார். பாட்டில்காரிக்குக் கோர்ட்டில் அபராதம் போட்டார்கள். குப்பமே சேர்ந்து கட்டியது. அவள் பேத்தியைப் போய்ப் பார்த்தபோது அது முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கியிருந்ததாம்.

இத்தோடு போதும், வண்டியை விற்றுவிடலாம் என்று பாயின் கடையில் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது பெரியக்கா உள்ளே வந்தாள்.

"பாய், அதிகாரிகிட்ட வண்டி எங்களுதுன்னு சொல்லிட்டேன். என்ன பொய்க்காரி ஆக்கிடாதீங்க."

"இன்னாம்மா பண்ணணும்ன்ற?"

"நாங்க குடுக்குற கூலியில ஒரு பங்கு, வண்டிக்குன்னு வச்சிடுங்க. கொஞ்சம் கொஞ்சமா எங்களுக்கும் சேரட்டும்."

எனக்குத் திக்கென்றது. நானும் பாயுமாக இரண்டு முதலாளி இருக்கும்போதே இத்தனை கவலை. இத்தனை பேர் முதலாளியானால் எத்தனை வாய்க்குப் பதில் சொல்வது? பாயிடம் அதைத்தான் சொன்னேன். அவர் நூல்கண்டை உருட்டிக்கொண்டே இருந்தார்.

"பாட்டில் மறுபடியும் ஏறும்னுதான பயப்படுற தம்பி? வண்டி நம்மளுதுன்னா ஏறும். அவங்களுதுன்னா ஒருத்தியும் ஏத்த மாட்டா."

"ஏத்திட்டா?"

"ஏத்தினவள அவங்களே கடல்ல தள்ளிடுவாங்க. நீ ஏன் ரோதன படுற?"

"பாய் சொன்னா சரிதான்" என்றாள் பெரியக்கா. "மொத ஆளா நானே தள்ளுவேன்."

அப்படித்தான் அந்த வழக்கம் வந்தது. ஏறுவதற்கு முன்னால் ஒவ்வொருத்தியும் தன் காலிக் கூடையை எல்லார் முன்னாலும் மணலில் கவிழ்த்து, பிறகு மீனை அள்ளிப் போடுவாள். போலீஸ் கேட்டு அல்ல, யாரும் சொல்லி அல்ல. பாட்டில்காரி மற்றவர்களைவிட இரண்டு தட்டு அதிகமாகத் தட்டிக் காண்பிப்பாள். பாய்க்கும் நூல் விற்றது.

அடுத்த மழைக்காலத்துக்கு முன்பு, இன்னும் தள்ளியிருக்கும் ஒரு சந்தைக்கும் வண்டி போக வேண்டும் என்று அவர்களாகவே முடிவு செய்துவிட்டார்கள். என்னிடம் கேட்கவில்லை, சொன்னார்கள். ரோடு சரியில்லை, மழை பிடித்துக்கொள்ளும், இஞ்சின் தாங்காது என்று எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் சொல்லிப் பார்த்தேன்.

"நின்னுட்டா நாங்க இறங்கித் தள்றோம். எங்க வண்டிதான?" என்றாள் பெரியக்கா.

வண்டியைக் கிளப்பினேன். குப்பத்தைத் தாண்டுமுன்பே இஞ்சினுக்குள் ஏதோ லொடலொடவென்றது.

"அக்கா, என்னமோ சத்தம் வருது. கேக்குதா?"

"கேக்குது, கேக்குது" என்றார்கள் பின்னாலிருந்து. "நீ ஓட்டு."