ஆயிரத்து முந்நூற்றுப் பதினாறு செப்பாணிகள்

1955, பிப்ரவரி 13, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடம். வானத்தில் மேகம் இல்லை. வடகிழக்கிலிருந்து லேசான காற்று. வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த வெப்பமானியில் இருபத்து மூன்று பாகை. பனி தலையில் இறங்கிவிடும் என்று மஃப்ளர் சுற்றிக்கொண்டுதான் கிளம்பினேன். இருந்தும் சளி பிடித்தது. மருந்துச் செலவை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை.

பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து ஆட்சி கைமாறி மூன்று மாதம் ஆகியிருந்தது. கடற்கரையை ஒட்டிய தெருக்களில் வெள்ளைக்காரர்கள் கப்பலேறுவதற்கு முன் வீட்டுச் சாமான்களை விற்றுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கிளியை விற்றார். அது பிரெஞ்சில் திட்டும் என்பதால் விலை கூடுதல். நான் பார்க்கப் போனது ஒரு பாய்மரப் படகை. எனக்கு அப்போது இருபத்தேழு வயது, பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், நீச்சல் தெரியாது. ஆனால் நான் பாடம் சொல்லிக் கொடுத்த ஒரு பெண்ணின் அப்பா, பஞ்சாலை இஞ்சினியர், ஸ்காட்லாந்துக்காரர், ஆற்றில் பாய் விரித்துப் போக நல்ல பழைய படகு கிடைத்தால் நானூறு ரூபாய் தருவதாகச் சொல்லியிருந்தார்.

கையில் இருந்த பணம் என் மனைவியுடையது. தையல் மெஷின் வாங்குவதற்காக மூன்று வருடம் ரவிக்கைகளைக் கையாலேயே தைத்துச் சேர்த்த நூற்று அறுபத்தைந்து ரூபாய். படகை விற்று, மெஷினும் லாபமுமாக வருவேன் என்று சொல்லி வாங்கியிருந்தேன். அவள் பணத்தைக் கொடுக்கும்போது சொன்னது இவ்வளவுதான்: "சித்திரை ஒண்ணாந்தேதி மெஷினு வீட்ல இருக்கணும். இல்லன்னா நீங்க இருக்கக் கூடாது."

படகுக்கு விலை போட ஒரு ஆளையும் கூட்டிப் போனேன். தேங்காய்த்திட்டு மீனவர், நாற்பது வருடம் கடலுக்குப் போன பெரியவர். படகு, விற்கிற பிரெஞ்சுக்காரர் வீட்டு முற்றத்தில் இரண்டு பீப்பாய்களின் மேல் கவிழ்ந்து கிடந்தது. நீளம் மூன்று மீட்டர் அறுபது. ஓடு வேய்ந்தது போல ஒரு பலகையின் விளிம்பு மேல் அடுத்த பலகை ஏறி உட்கார்ந்திருந்தது. பக்கத்துக்குப் பதினொரு பலகை, உள்ளே இருபத்து மூன்று விலா. ஆணிகளை எண்ணினேன். முதல் முறை 1,314, இரண்டாம் முறை 1,316. மூன்றாம் முறையும் எண்ணி 1,316 என்று முடிவு செய்வதற்குள் விற்கிற முசே இரண்டு சிகரெட் முடித்துவிட்டார்.

ஆணிகளைப் பார்த்ததும் பெரியவர் முகம் கோணிற்று. எங்கள் கரையில் படகைக் கயிற்றால்தான் தைப்பார்கள். அலையில் வளைந்து கொடுக்கும். ஆணி அடிப்பது, உடைந்த இடத்தை ஒட்டுப்போட மட்டும்.

"வாத்தியாரே, ஆயிரத்து முந்நூறு எடத்துல ஒடஞ்ச படகு இது. அடுப்பு எரிக்கலாம்."

இதை நான் முசேயிடம் "மீனவருக்குச் சில ஐயங்கள் உள்ளன" என்று பிரெஞ்சில் சொன்னேன். அவர், ஆணி அத்தனையும் செம்பு, பலகை மஹாகனி, இந்தக் கிழட்டுக் கழுதைக்கு என்ன தெரியும் என்றார். அதைத் தமிழில் "விலையைக் குறைக்க யோசிக்கிறார்" என்றேன். ஒரு மணி நேரத்தில் இருபக்கமும் சேர்த்துப் பதினேழு வசவுகளை விழுங்கினேன். இருநூற்று ஐம்பதில் தொடங்கிய படகு நூற்று நாற்பதுக்கு வந்தது. பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு முசே கடைசியாக ஒன்று சொன்னார்: ஒரு வாரம் தண்ணீரில் அமுக்கிப் போடு, நன்றாகக் குடிக்கட்டும். நூற்றுப் பத்து ரூபாய் தோற்றவன் வயிற்றெரிச்சலில் வாங்கிய பொருளை மூழ்கடிக்கச் சொல்கிறான் என்று நினைத்தேன். அதுவரை விழுங்கிய பதினேழோடு பதினெட்டாவதாக அதையும் விழுங்கினேன்.

மாட்டு வண்டியில் தேங்காய்த்திட்டு ஆற்றங்கரைக்குக் கொண்டுபோனோம். யார் கட்டிய படகு என்பதற்கு அடையாளம் கண்டுபிடிக்க இஞ்சினியர் சொல்லியிருந்தார். பின்பலகையில் ஏழு பூச்சு பெயிண்டைச் சவரக் கத்தியால் சுரண்டினேன். எட்டாவதாக ஒரு பித்தளைத் தகடு: பிரான்சில் கட்டிய பட்டறையின் பெயர், வருடம் 1931. பாயில் ஒரு முழ உயரத்தில் கறுப்பாக 87. இஞ்சினியர் வந்து தகட்டைத் தடவிப் பார்த்தார், ஒரு மரச் சீவலை முகர்ந்தார், மஹாகனிதான், நானூறுக்குக் குறையாது, அடுத்த ஞாயிறு தண்ணீரில் மிதப்பதைக் காட்டு என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிரவு என் மனைவி மெஷின் வைக்க இடம் அளந்தாள்.

ஒரு தடைதான் இருந்தது. நான்கு வருடம் வெயிலில் காய்ந்த பலகைகளுக்கு நடுவே வெளிச்சம் தெரிந்தது.

"இது படகா, சல்லடையா?" என்றார் பெரியவர். அவருக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தார். இடுக்கு இடுக்காகத் தேங்காய் நாரைத் திணித்து உளியால் இறுக்கி, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி ஊற்றினார். நானும் இறுக்கினேன், வாத்தியாருக்கே உரிய கண்டிப்போடு. புதன்கிழமை ஆற்றில் இறக்கினோம். உள்ளே ஒரு சொட்டு இல்லை. நான் கையை விட்டுத் துழாவிப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை படகுக்குள்ளிருந்து பட், பட் என்று சத்தம் வந்தது. தண்ணீரில் ஊறிய பலகை பருத்தது. பருக்க வேண்டிய இடத்திலெல்லாம் நார் இருந்தது. பலகைகள் ஒன்றை ஒன்று நெட்டித் தள்ளின. ஆணிகள் பிய்ந்தன. ஞாயிறு காலை எண்ணினேன். இருபத்து மூன்று விலாவில் பத்தொன்பது முறிந்திருந்தன.

இஞ்சினியர் வந்தார். தொப்பியைக் கழற்றினார், இழவு வீட்டில் கழற்றுவது போல. ஒரே கேள்வி கேட்டார்.

"தொரை என்னா கேக்கறாரு?" என்றார் பெரியவர்.

வேறு வழியில்லாமல் முதல் தடவையாக ஒரு வாக்கியத்தை அப்படியே மொழிபெயர்த்தேன். "நார் எதுவும் வைக்காம, ஒரு வாரம் தண்ணியில முக்கிப் போட்டா பலகை ஊறி தானே மூடிக்குமாம். வித்தவரு சொல்லலியான்னு கேக்கறாரு."

"சொன்னாரா?"

"சொன்னாரு."

பெரியவர் பீடியைக் கீழே போட்டு மிதித்தார். "அன்னிக்கே எங்கிட்ட சொல்லியிருந்தா முக்கிப் போட்டிருப்பேனே வாத்தியாரே. தெச்ச படகையே ஊறவெச்சுதானே எறக்கறோம். ஆணிய எண்ணின நேரத்துல அத சொல்லக் கூடாதா?"

கூலிக்கு மேல் பாய்மரத் தண்டையும் அவரே எடுத்துக்கொண்டார். அது அவருடைய கட்டுமரத்தில் பல வருடம் நன்றாக ஓடியது.

சித்திரை ஒன்றாம் தேதி மெஷின் வீட்டுக்கு வந்தது, பதினேழு மாதத் தவணையில். முதல் காரியமாக என் மனைவி படகின் பாயை வெட்டி நான்கு மார்க்கெட் பை தைத்தாள். 87 என்ற எண் முழுதாக விழுந்த பையை எனக்கென்று ஒதுக்கினாள். 1962 வரை அதைத் தூக்கிக்கொண்டுதான் மீன் வாங்கப் போனேன். மீன்காரிகள் என்னை எண்பத்தேழு என்றே கூப்பிட்டார்கள்.

அவள் கணக்கும் கேட்டாள். படகு நூற்று நாற்பது, வண்டி மூன்று, நார், குங்கிலியம், எண்ணெய் ஒன்பதரை, கூலி ஐந்து. கழற்றிய செப்பாணி நாலு கிலோ. அதற்குப் பாத்திரம் அடிக்கும் கன்னான் கொடுத்த பதினான்கைக் கழித்தேன். பேனாவை மூடப் போனபோது, ரொக்க விலைக்கு மேல் மெஷின் தவணையில் போகிற முப்பத்தொன்பதும் படகுச் செலவுதான் என்றாள். அதையும் எழுதிக் கூட்டினேன். நூற்று எண்பத்திரண்டு ரூபாய், எட்டணா.